இதுவரைக்கும் சரி

ஸ்வெட்டர் போட வேண்டிய நாள் என்று ஒன்று திருத்தணியில் வந்து நான் பார்த்ததில்லை. அந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில், பங்குனி வெயிலில் நின்றபடி, இரண்டு நீள ஊசிகளை வைத்துக்கொண்டு கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த ஒருவன் எங்கள் வீட்டு மாடியில் ஒன்றரை வருடம் குடியிருந்தான். கல்யாணமாகி இருபதாவது நாள் புதுப் பெண்டாட்டியோடு வந்து சேர்ந்தான். அவனைப் பற்றி எழுத நான் உட்காருவது இது நான்காவது முறை. முதல் மூன்று முறை எழுதியதைக் கிழித்துப் போட்டேன். அவனுடைய பழக்கம் எனக்குத் தொற்றிக்கொண்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

அவன் பழக்கம் இதுதான்: பின்னியதைப் பிரிப்பது. ஒரு முழம் பின்னியிருப்பான். திடீரென்று நிறுத்துவான். விரலால் கீழிருந்து கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டு வருவான். எங்கோ அடியில் ஒரு கண்ணி நழுவியிருக்கும். ஊசியை உருவிவிட்டு நூலைப் பிடித்து இழுப்பான். ஒரு வாரத்து வேலை அரை நிமிடத்தில் சுருள்சுருளாக மடியில் விழும். முகத்தில் வருத்தம் இருக்காது. வீட்டைக் கழுவி விட்டவனைப் போல உட்கார்ந்திருப்பான்.

நான் முப்பத்துநான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். பிழை எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பிழைக்கும் ஒரு நடைமுறை உண்டு. அதில் தலைசிறந்தது பின்னேற்பு. முன்பே கேட்டுச் செய்திருக்க வேண்டியதைக் கேட்காமல் செய்துவிட்டு, பிறகு மேலிடத்தில் சரிதான் என்று ஓர் ஆணை வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டால் பிழை பிழையாக இருப்பதை நிறுத்திவிடும். இதை நான் அவனுக்கு ஒருநாள் மாடிப்படியில் வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"எங்க நைனாவும் அப்டிதான் சார். தறியில இழ அறுந்தா ஒரு முடி போட்டுட்டுப் போயினே இருப்பாரு. துணியில தெரியாது. இதுல அப்டி இல்ல. அடியில ஒண்ணு வுட்டுப்பூட்டா அதுக்கு மேல இருக்கறது எல்லாம் பொய்யி."

அவனுடைய அப்பா அம்மையார்குப்பத்தில் விசைத்தறி வைத்திருந்தார். மகனுக்குத் தறி ஒத்துவரவில்லை. நீலகிரியில் ஒரு விடுதியில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது, மழைக்காலத்தில் ஆள் வராத நாட்களில் அங்கிருந்த சமையல்காரர் பின்னலைக் கற்றுக்கொடுத்தாராம். நூலை அவன் கடையில் வாங்க மாட்டான். பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர் ஒருவரிடமிருந்து ரோமத்தை மூட்டையாகக் கட்டிவந்து, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, மாடியில் காயவைப்பான். தெருவே ஆட்டு வாடை அடிக்கும். பிறகு மேல்படியில் உட்கார்ந்து தக்ளியில், அந்தச் சின்னக் கைக்கதிரில், நூற்பான். பள்ளிக்கூடத்தில் கைத்தொழில் வகுப்பில் தக்ளி சுற்றிய கடைசித் தலைமுறை நான். எனவே என் ஜன்னலுக்கு வெளியே ஒரு தக்ளி சுழன்றபடி மெல்ல இறங்கி, பத்திரிகை படிக்கும் என் முகத்துக்கு நேரே நின்று, மறுபடி மேலே போவதைப் பார்த்து மற்றவர்களைப் போல நான் பயந்துவிடவில்லை. எரிச்சல் மட்டும்தான் பட்டேன்.

ஊரில் அவனைப் பற்றிப் பல கருத்துகள் இருந்தன. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், காவடிக்காரர்கள் நடுவே நின்று பின்னிக்கொண்டிருந்தபோது, இது ஏதோ வேண்டுதல் என்று எண்ணி ஒரு குடும்பமே அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். உண்மையில் அந்த ஸ்வெட்டர் அவன் மனைவிக்கு. அவள் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். அங்கே இயந்திரத்துக்காக ஏசியைப் பதினெட்டில் வைத்திருப்பார்கள். அவளுக்குக் கை விறைத்துப்போகும். வந்த மூன்றாம் நாளே அளவெடுத்துப் பின்ன ஆரம்பித்துவிட்டான்.

ஒரு சிவப்பு நூல் துண்டு எப்போதும் அவன் மணிக்கட்டில் சுற்றியிருக்கும். ஒரு சாண் பின்னி, முழுவதும் தடவிப் பார்த்து, பிழையே இல்லை என்று நிச்சயமானால், அந்த வரிசையில் அந்தத் துண்டைக் கோர்த்துவைக்க வேண்டும். "இதுவரைக்கும் சரின்னு அர்த்தம் சார். அதுக்கப்புறம் என்னா ஆனாலும் இதுக்குக் கீழ கை வெக்கக்கூடாது" என்று சொன்னான். அந்த நூலை அவன் கோர்த்து நான் பார்த்ததைவிட, கையில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்ததுதான் அதிகம்.

அந்தப் பழக்கம் ஸ்வெட்டரோடு நின்றிருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. வேலையையும் அவன் அப்படியே செய்தான்.

முதலில் கடைத்தெருவில் ஒரு துணிக்கடை. நான்கு மாதம் நல்ல பெயர். ஒருநாள் முதலாளியிடம் போய், சேரும்போது தெலுங்கு தெரியும் என்று சொன்னேனே, பேசத்தான் தெரியும், எழுதத் தெரியாது என்றான். உன்னை யாரப்பா எழுதச் சொன்னது என்று முதலாளி சிரித்தாராம். ஆந்திராவிலிருந்து புடவை எடுக்க வருகிறவர்கள் எழுதியா காட்டுவார்கள்? மறுநாள் வேலையை விட்டுவிட்டான். அடுத்து கூரியர். சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு பார்சலைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, உரியவரே வாங்கியதாகக் குறித்திருந்தான். இரண்டு மாதம் கழித்து அது நினைவுக்கு வந்து, உரியவரைத் தேடிப் போய் விசாரித்தான். பார்சல் அன்றைக்கே வந்துவிட்டது என்று சொல்லி அவர் காபி கொடுத்து அனுப்பினார். காபியைக் குடித்துவிட்டு வந்து என்னிடம் ராஜினாமாக் கடிதம் எழுதித் தரச் சொன்னான்.

எல்லா ராஜினாமாவும் நான் எழுதியதுதான். வேலையை விடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஒரு மாத முன்னறிவிப்பு, உரிய வழியாக விண்ணப்பம், பணிவிடுவிப்புக் கடிதம். சிவப்பு மையில் அடிக்கோடிட்டுச் சொல்லிக்கொடுத்தேன். மூன்றாவது வேலை ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில். கம்பெனி பஸ் வாசலுக்கே வரும். ஏஜெண்ட் விண்ணப்பத்தில் ஒரு வருட அனுபவம் என்று பொய்யாக எழுதியிருந்தான். இவன் அதைத் தானாகப் போய்ச் சொன்னான். பரவாயில்லை, இப்போதுதான் அனுபவம் வந்துவிட்டதே, போய் வேலையைப் பார் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அது மிக அழகான பின்னேற்பு. இவன் அதற்கும் படியவில்லை.

நான் வரிசையை மாற்றிச் சொல்கிறேன். துணிக்கடையில் இருந்த காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். ஏனென்றால் அப்போதுதான் கல்யாணப் பதிவு நடந்தது.

கல்யாணம் மலைக்கோயிலில். தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, படிவம் நிரப்பி, அலுவலகத்துக்கு அழைத்துப் போனவன் நான்தான். சாட்சிகளில் ஒருவர் வரவில்லை. டோக்கன் அழைத்துவிட்டார்கள். கல்யாணத்தை நேரில் கண்டதாகச் சாட்சி சொல்லும் இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அந்த முகூர்த்த நாளில் நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வீட்டில் கன்னத்தைப் பிடித்தபடி படுத்திருந்தேன். அவர்கள் யாரென்றே அப்போது எனக்குத் தெரியாது. ஆனால் கல்யாணம் உண்மையில் நடந்திருந்தது, தாலி கண்முன்னே இருந்தது, படிவம் காலியாக இருந்தது. பேனா நகர்வதை அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

ஐந்தாம் மாதம் கல்யாண வீடியோ வந்தது. எங்கள் வீட்டில் டிவி பெரிது என்பதால் நானும் என் மனைவியும் அவர்களுமாக நால்வரும் கீழேதான் பார்த்தோம். முகூர்த்த நாளில் மலையில் எத்தனை ஜோடி இருக்கும் என்று திருத்தணிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோளோடு தோளாக மாப்பிள்ளைகள், ஒரு நாயனத்துக்கு இரண்டு தாலி. அவன் குனிந்து முதல் முடிச்சைப் போட்டான், இரண்டாவதையும் போட்டான். மூன்றாவது நாத்தனார் முடிச்சு. அவனுக்கு ஒரே அக்கா, நகரியில் கட்டிக்கொடுத்திருந்தது. திரையில், பெண்ணின் பின்னாலிருந்து கண்ணாடி வளையல் போட்ட இரண்டு கைகள் வந்தன. பச்சைப் புடவை. இறுக்கிக் கட்டிவிட்டு அந்தக் கைகள் கூட்டத்துக்குள் போய்விட்டன.

அவன் வீடியோவை நிறுத்தினான். பின்னால் தள்ளினான். மறுபடி ஓட்டினான்.

"இது எங்க அக்கா இல்ல" என்றான்.

விசாரித்ததில் விஷயம் தெளிந்தது, அதாவது குழம்பியது. மலைப்பாதையில் வண்டிகளை நிறுத்திவிட்டதால் அக்கா முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. சொந்தத்தில் வேறு யாரோ முடிச்சைப் போட்டுவிட்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவள்தான் போட்டாள் என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பச்சைப் புடவை எந்தச் சொந்தத்திலும் இல்லை. பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்தவள்.

பச்சைப் புடவையின் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு அவன் நகரி, பள்ளிப்பட்டு, திருவாலங்காடு என்று திரிந்தான். கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறாய் தம்பி என்று கேட்டேன்.

"கேக்கணும் சார். ஆள் இல்லன்னு பாத்து உதவிக்குப் போட்டாங்களா, இல்ல இது அவங்க தம்பி பொண்டாட்டின்னு நெனச்சு மாத்திப் போட்டுட்டாங்களா. மாத்திப் போட்டிருந்தா, அந்தப் பொண்ணுக்கு மூணாவது முடி யாரு போட்டது?"

இந்தக் கேள்வியை அவன் கேட்டிருக்கக் கூடாது. நான் இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சட்டத்தில் முடிச்சுக்கு எண்ணிக்கையே கிடையாது. நம் மாநிலத்தில் மாலை மாற்றிக்கொண்டாலே கல்யாணம்தான். பதிவுச் சான்றும் கையில் இருக்கிறது. இதையெல்லாம் சொன்னேன். ஆங் சார், ஆங் சார் என்று தலையாட்டினான். பிறகு, தாலியைக் கழற்றிவிட்டு மலைக்குப் போய் முதலிலிருந்து கட்டிக்கொள்ளலாமா என்று பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டான்.

மறுநாள் காலை அவள் கீழே இறங்கி வந்தாள். பரிசோதனை நிலையத்தின் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"சார், நீங்கதான அவுருக்கு லெட்டர் எல்லாம் எழுதித் தர்றீங்க. ஒண்ணு கேக்கறேன். என்னையும் ரிசைன் பண்ணிடுவாரா?"

முப்பத்துநான்கு வருட அனுபவத்தில், விதி எண்ணைக்கூடச் சொல்ல முடியாமல் நான் நின்றது அன்றுதான். அவள் தொடர்ந்தாள்.

"துணிக்கடக்காரு சிரிச்சாரு, பார்சல்காரரு காபி குடுத்து அனுப்புனாரு. யாரு பரவால்லன்னாலும் இவுரு வுட்டுட்டு வந்துடறாரு. நானும் பரவால்லன்னுதான் சொல்லிகினு இருக்கேன். அதான் பயமா இருக்குது."

அன்று மாலையே ஆர்.கே.பேட்டையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வேலைக்கு அங்கிருந்தே பஸ்ஸில் வந்து போனாள். மாடியில் அவன் தனியாக நூற்றுக்கொண்டிருந்தான். தக்ளி என் ஜன்னலுக்கு நேரே வந்து, சுற்றுவது நின்றும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. மேலே ஆள் இழுக்க மறந்துவிட்டான்.

பத்து நாள் இந்தக் கோலத்தைப் பார்த்த என் மனைவி, சட்டப் புத்தகத்தை மூடச் சொன்னாள். "அதுங்களுக்கு இன்னும் தாலி பிரிச்சுக் கோக்கவே இல்ல. அத யாரும் கவனிச்சீங்களா?" என்றாள்.

கவனிக்கவில்லை. கல்யாணமான மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ மஞ்சள் கயிற்றைப் பிரித்து, தாலியைப் புதுக் கயிற்றில் குண்டு, பவழம் சேர்த்துக் கோர்த்துக் கட்டும் வழக்கம் ஒன்று இருக்கிறது. அக்காவுக்குத் தோதுப்படாமல் தள்ளித் தள்ளி ஏழாம் மாதத்துக்கு வந்திருந்தது. புதுக் கயிற்றுக்கு முடிச்சும் புதிதுதான். அதை நாத்தனார் போடலாம். பிரிப்பதற்கென்றே ஒரு நடைமுறை, அரசாணை இல்லாமலே, என் மூக்குக்குக் கீழே இருந்திருக்கிறது. மனைவியே ஆர்.கே.பேட்டைக்குப் போன் போட்டுப் பேசினாள். பெண் வருவதாகச் சொன்னாள், ஆனால் பையைப் பிரித்து வைக்க மாட்டேன், அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் என்றாளாம்.

நாள் குறித்த பிறகு அவன் என்னிடம் வந்தான். தயங்கினான்.

"சார், நீங்களும் மேல வரணும். அன்னிக்கு நீங்க மலைக்கு வரல. கையெழுத்து போட்டீங்க. இதக் கண்ணால பாத்துட்டீங்கன்னா, உங்க கையெழுத்தும் சரியாப்பூடும்."

இத்தனை மாதமும் மனதில் வைத்திருந்திருக்கிறான். என் சொந்தப் பின்னேற்பை எனக்கே நீட்டிவிட்டு நின்றான். முந்நூற்று அறுபத்தைந்து படி ஏறாத நான், வேட்டி மாற்றிக்கொண்டு பதினான்கு படி ஏறினேன்.

அவள் கிழக்கே பார்த்து மணையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கொண்டுவந்த பை வாசலோரம் ஜிப் திறக்காமல் இருந்தது. கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாது என்று முதலில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கயிற்றில் கட்டி மாட்டினார்கள். நிரந்தர அலுவலர் விடுப்பில் போனால் வரும் பொறுப்பு அலுவலரைப் போல. பிறகு அக்கா பழைய கயிற்றைக் கழற்றித் தாம்பாளத்தில் வைத்து முடிச்சுகளைப் பிரிக்கப் பார்த்தாள். தாலியை உருவ வேண்டுமே. முதலில் அவிழ்க்க வேண்டியது மேலே இருந்த மூன்றாவது முடிச்சு. வரவில்லை. ஏழு மாதத்து வியர்வையும் மஞ்சளும் ஏறிக் கல்லாகிக் கிடந்தது. கத்தரிக்கோல் படக் கூடாது என்றார்கள். "யாரோ பாவி இப்டி இறுக்கி வெச்சிருக்குது" என்று அக்கா நகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

"என்னாண்ட குடு" என்றான் அவன். பின்னல் ஊசியை எடுத்துவந்து உட்கார்ந்தான். அவன் பிரிக்க முடியாதது ஒன்று உண்டா? ஊசி முனையை முடிச்சுக்குள் நுழைத்தான். அவளுடைய முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"பாவா" என்று புருஷனைக் கூப்பிட்டாள். "அந்தம்மா உனுக்கு ஒண்ணும் இல்ல. எனுக்கும் ஒண்ணும் இல்ல. கை ஜில்லுனு இருந்துச்சு. முடி போட்டுட்டு, நல்லா இரும்மான்னு காதுல சொல்லிட்டுப் போச்சு. உங்க அக்காகூட அன்னிக்கு அதச் சொல்லல."

"நான் படியேறி வந்த பாடு எனுக்குத்தான் தெரியும், நல்லா இருன்னு வேற சொல்லணுமா இவளுக்கு" என்று அக்கா முணுமுணுத்தாள்.

"ஆள் தெரியாம போட்டுச்சா, தெரிஞ்சு போட்டுச்சான்னு நீ ஊர் ஊரா போய்க் கேட்ட. என்னைக் கேட்டியா?"

அவன் ஊசியை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. அப்படியே முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஊசியை வெளியே இழுத்துக் கீழே வைத்தான். கயிற்றைத் திருப்பி, முடிச்சுக்கு எதிர்ப்பக்கத்தில், தாலிக்கு அருகில், இரண்டு விரலால் பிடித்தான். நூற்கிறவன் முறுக்கை ஏற்றுவதற்கு எதிர்த்திசையில் மெல்லத் திருக ஆரம்பித்தான். கயிற்றின் புரிகள் தளர்ந்தன, ஒன்றிலிருந்து ஒன்று விலகின, கடைசியில் வெறும் பஞ்சாக நீண்டு, அறுபடாமல், வெட்டுப்படாமல், தானாக இரண்டாகப் பிரிந்து வந்தது. தாலி தாம்பாளத்தில் விழுந்தது. மூன்று முடிச்சும் போட்டபடியே இருந்தன.

அக்கா புதுக் கயிற்றுக்கு நாத்தனார் முடிச்சைப் போட்டாள். நல்லா இரு என்றும் சத்தமாகவே சொன்னாள். எல்லாம் முறைப்படி நடந்ததற்கு நான் சாட்சி. இம்முறை உண்மையான சாட்சி. பழைய கயிற்றை ஓடும் தண்ணீரில் விட வேண்டும் என்றார்கள். அவன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். நந்தியாற்றில் தண்ணீர் ஏது என்று யாரும் வற்புறுத்தவில்லை.

இதற்குப் பிறகு அவன் மாறிவிட்டான் என்று எழுதத்தான் ஆசை. ஐந்தே மாதத்தில் தொழிற்சாலை ராஜினாமாவை என்னிடம்தான் எழுதி வாங்கிக்கொண்டான். அதன்பின் ஒரு விடுதி, ஒரு பால் நிலையம். பிரித்தால் சரியாகும் என்று நினைக்கிறவனா, எதைப் பிரிக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டவனா, எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவன் கோப்பு என்னிடம் இன்னும் திறந்தே இருக்கிறது.

அவளுக்குத் திருவள்ளூருக்கு வேலை மாறி, அவர்கள் காலி செய்யப் போகும் வாரத்தில், சர்க்கரை பார்க்கப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தேன். வெள்ளைக் கோட்டுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். ஆட்டு நிறம், ஒரு கை மட்டும் அரை அங்குலம் நீளம். முடிந்துவிட்டதா என்று கேட்டேன். குத்துகிறது, ஆனால் குளிரவில்லை என்றாள். என் கையில் ரப்பரைக் கட்ட அவள் குனிந்தபோது, ஸ்வெட்டரின் அடி வரிசைக்கு ஒரு சாண் மேலே, சிவப்பு நூல் இருக்க வேண்டிய இடத்தில், வெளுத்த மஞ்சள் கயிற்றுத் துண்டு ஒன்று கோர்த்திருந்தது. அதில் கல்லாய் இறுகிய ஒரு முடிச்சு.

நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அது இருக்கட்டும் சார்" என்றாள், ஊசியைக் கையில் எடுத்தபடி. "அதுக்குக் கீழ அவுரு கை வெக்கமாட்டாராம்."